பாதிவழியில் ஒரு முட்டுக்கல்

பெல்ட்டை மாட்டிக்கொள்ளுங்கள் ஐயா. அந்தக் கொக்கி இல்லை, அது போன வருஷமே உடைந்துவிட்டது. பக்கத்தில் இருக்கிறதே, அதில். சத்தம் வந்ததா? அவ்வளவுதான். காலை இப்படி விறைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பக்கம் பிரேக் கிடையாது. எல்லோரும் தரையைத்தான் மிதிப்பார்கள். என் அம்மா அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் இந்த ரப்பர் விரிப்பை மிதித்தே தேய்த்துவிடுவாள்.

ஒரு நிமிஷம். சமதளத்தில் இருக்கும்போதே ஒரு தடவை பிரேக்கை மிதித்துப் பார்த்துக்கொள்வேன். பெடல் கல் மாதிரி நிற்கவேண்டும். நிற்கிறது. இப்போது இரண்டாவது கியர். இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். வண்டி வேகம் பிடித்த பிறகு தேடினால் கியர் விழாது. எந்தக் கியரில் இந்த மேட்டை ஏறி வந்தோமோ அதே கியரில்தான் இறங்கவேண்டும். இன்ஜின் கத்தும். கத்தட்டும். அது கத்துகிறது என்றால் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

டீக்கடையில் அத்தனை பேர் முன்னாலும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் மழுப்பிவிட்டேன். போகும்போது சொல்கிறேன் என்றேன். உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று தெரியவில்லை. சின்னப் பையன், மரியாதை தெரியாதவன் என்று நினைத்திருக்கலாம். அப்படி இல்லை ஐயா. ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்விதான். அதனால்தான் சொல்லமுடியவில்லை.

உங்கள் கேள்வி எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. “தம்பி, அந்தக் கல்லு தானா வந்ததா, மனுசன் கொண்டாந்து வெச்சதா? தானா வந்ததுன்னா நான் கை வெக்க மாட்டேன், அது அங்கேயே இருக்கட்டும். வெச்சதுன்னா நல்ல நாள் பாத்து மேல தூக்கிரலாம்.” இதுதானே? அதற்குச் சிவனாண்டி மாமா, அவர்தான் கோயில் கமிட்டித் தலைவர், அதைப் பிசிக்ஸைத்தான் கேட்கவேண்டும், அவனுக்குத்தான் தெரியும் என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டார்.

பிசிக்ஸ் நான்தான். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஊரில் அதற்கு முன் அந்தப் பாடத்தைக் கேள்விப்பட்டவர்கள் இல்லை, அதனால் அதுவே பெயராகிவிட்டது. ரேஷன் கடையில்கூட, பிசிக்ஸுக்குச் சர்க்கரை போட்டாச்சா என்றுதான் கேட்பார்கள். என் பெயர் கதிர்வேந்தன். சொல்லி வைக்கிறேன், எதற்காவது உதவும்.

ஹாரன் அடிக்கிறேன், பயப்படாதீர்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் யாராவது ஏறி வந்தால் தெரியவேண்டும். பாருங்கள், லாரி. ஏறுகிற வண்டிக்குத்தான் நாம் வழிவிட வேண்டும். அவன் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது பாடு. நாம் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம், இறங்குவதற்கு மலையே தள்ளிவிடுகிறது. போகட்டும். போய்விட்டான்.

பதிலுக்கு முன்னால் இந்தச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது தெரிந்தால் உங்களுக்கே எல்லாம் விளங்கிவிடும் என்று நினைக்கிறேன். நீங்கள் ஸ்தபதி, கல்லைத் தொட்டுத் தொழில் செய்கிறவர். கல்லுக்கு எவ்வளவு எடை, அது உருண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்குத் தெரியும்.

மேலே கமிட்டிக்காரர்கள் கொண்டுபோய்க் காட்டினார்களே, டைல்ஸ் ஒட்டிய புது மண்டபம், மணி தொங்குகிறது, உள்ளே கருப்பு. அந்தச் சாமியின் பெயர் என்ன சொன்னார்கள்? பாதிவழிக் கருப்பு. மலை உச்சியில் இருக்கிற சாமிக்குப் பாதிவழி என்று ஏன் பெயர் என்று நீங்கள் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை. முன்பு அது பாதிவழியில்தான் இருந்தது ஐயா. இன்னும் கொஞ்ச தூரத்தில், ஒரு அகலமான வளைவில், பலாமரத்தடியில். கூரை கிடையாது. ஒரு வேல், ஒரு கல், அவ்வளவுதான்.

இறங்குகிற எந்த வண்டியும் அங்கே நிற்காமல் போகாது. அது கட்டுப்பாடு. டிரைவர் இறங்கி ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றவேண்டும். அது தானாக எரிந்து அடங்கும்வரை வண்டியை எடுக்கக்கூடாது. ஊதி அணைப்பது பெரிய குற்றம். அடங்கிய பிறகு திருநீறு பூசிக்கொண்டு, தேங்காய் உடைத்திருந்தால் ஆளுக்கொரு சில்லு தின்று, பின்னால் வந்த டிரைவரிடம் அன்றைய விலை நிலவரம் பேசி, அப்புறம்தான் கிளம்புவார்கள். எனக்குச் சின்ன வயதில் அது ஒரே சலிப்பாக இருக்கும். மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, இந்தச் சாமிக்கு வேறு வேலை இல்லையா என்று நினைப்பேன்.

கல்லூரியில் உராய்வும் வெப்பமும் படித்த பிறகு ஒரு லீவில் வந்தபோதுதான் அது உறைத்தது. சுமையோடு இறங்குகிற வண்டியின் வேகம் முழுக்க எங்கே போகிறது? பிரேக்கில்தான். சக்கரத்துக்குள் இருக்கிற டிரம்மில் சூடாக ஏறுகிறது. சூடு ஏற ஏற பிரேக் பிடிப்பது குறையும். ஒரு கட்டத்தில் கருகல் வாடை வரும். அதற்கப்புறம் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. அதற்கு ஒரே மருந்துதான், நிறுத்தி ஆறவிட வேண்டும். சாமிக்கு முன்னால் வண்டி நின்றபோதெல்லாம் அதுதான் நடந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல்.

இது தெரிந்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா மாயழகு டிரைவர், நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், ஆனால் இந்த மலையில் அவர் பெயரைச் சொன்னால் காய்கறி மண்டிக்காரர்கள் மூட்டையை எண்ணாமல் இறக்குவார்கள். அவர் கேட்டுவிட்டு, “அப்ப சாமி இல்லேங்கிறியா?” என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். “அப்புறம் எதுக்குச் சொன்னே?” என்றார்.

இந்த வளைவு கொஞ்சம் இறுக்கம். கீழே பார்க்காதீர்கள். என்னைப் பாருங்கள், இல்லை சாலையைப் பாருங்கள். பிரேக்கை எப்படி மிதிக்கிறேன் என்று கவனித்தீர்களா? வளைவுக்கு முன்னால் ஒரு அழுத்து, விட்டுவிடுவேன். மறுபடி ஒரு அழுத்து, விட்டுவிடுவேன். மிதித்தபடியே இறங்கக்கூடாது. அப்பா மிதித்தபடியேதான் இறங்குவார். நாலாவது கியரில், சில சமயம் நியூட்ரலில், டீசல் மிச்சமாகுமாம். நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். “சின்ன கியருல எறக்குனா வண்டி அழுவுதுடா. அழுவுற வண்டியை ஓட்டிட்டுப் போனா வெளங்குமா?” என்பார். கோபமாகக்கூடச் சொல்லமாட்டார். பாசமாகச் சொல்வார். பாசமாகச் சொல்கிறவரிடம் என்ன பேசமுடியும் ஐயா?

ஊரில் என் ஓட்டுதலைக் கேலி செய்வார்கள். உன் வண்டியில் முட்டை அனுப்பினால் குஞ்சாகத்தான் போய்ச் சேரும் என்பார்கள். அதனால் சந்தைச் சுமை எனக்குத் தரமாட்டார்கள். சிமென்ட் மூட்டை, கல்யாணப் பாத்திரம், உங்களைப் போல வந்து போகிறவர்கள், இவைதான் எனக்கு. விடியற்காலை மூட்டை எல்லாம் அப்பாவுக்கு. இதே வண்டிதான். நாளைக்கும் அவர்தான் இறக்குகிறார், சவ்சவ் மூட்டை.

சாலையை அகலப்படுத்த வந்தார்கள். பலாமரம் போயிற்று. சாமியை என்ன செய்வது என்று கூட்டம் போட்டார்கள். பாதிவழியில் வெயிலிலும் மழையிலும் சாமி தனியாகக் கிடப்பது ஊருக்கு அழகா, மேலே கொண்டுபோய் மண்டபம் கட்டி வைப்போம் என்று முடிவானது. நான் எழுந்து பேசினேன். சாமியை மேலே வைத்தால் எல்லோரும் மேலேயே நின்று கும்பிட்டுவிடுவார்கள், அப்போது டிரம் குளிர்ந்துதானே இருக்கும், அதற்குப் பிறகு அடிவாரம்வரை நிற்கவே மாட்டார்கள், சூடு ஆற வழியில்லை என்றேன். சிவனாண்டி மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு, “இன்னிக்குக் கற்பூரம் டிரம் ஆறன்னு சொல்றே. நாளைக்குத் திருநீறு வேர்வை உறிஞ்சன்னு சொல்லுவே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததில் தப்பில்லை, அது நல்ல கேலிதான்.

குடத்தில் தண்ணீர் வைத்து, அதில் சாமியை இறக்கி, மேளத்தோடு மேலே கொண்டுபோனார்கள். இனி இந்த இடத்தில் ஒன்றும் இல்லை, யாரும் இங்கே நிற்கவேண்டாம் என்று பூசாரி சொல்லிவிட்டார். யாரும் நிற்கவில்லை. வண்டியை மண்டபத்து முன்னால் நிறுத்துவார்கள், கற்பூரம் எரியும், அடங்கும், ஒரே மூச்சில் கீழே. எனக்கு அந்த மழைக்காலம் முழுக்கத் தூக்கம் இல்லை. காலையில் சந்தையிலிருந்து அப்பா போன் செய்யும்வரை சோறு இறங்காது.

ஒரு நாள் போன் வரவில்லை. வேறு யாரோ செய்தார்கள். பழைய இடத்தைத் தாண்டி இரண்டாவது வளைவில் பெடல் உள்ளே போய்விட்டது. அப்பா வண்டியை மலைப்பக்கச் சுவரில் உரசவிட்டு நிறுத்தியிருக்கிறார். எந்தப் பக்கம் ஒடிக்கவேண்டும் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியதே, அதுதான் அவருடைய அனுபவம், அதை நான் மறுக்கவில்லை. தோள்பட்டை எலும்பு விலகிவிட்டது. மூட்டைகள் அவிழ்ந்து சவ்சவ் எல்லாம் சாலையில் உருண்டு குரங்குகளுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் அன்றைக்கே சொன்னேன் அல்லவா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரே சொல்வார் என்று காத்திருந்தேன். அவர், “கருப்பு காப்பாத்திருச்சுடா” என்றார். தோள் சரியானதும் மண்டபத்துக்கு ஒரு மணி வாங்கி மாட்டினார். மேலே நீங்கள் அடித்தீர்களே, அந்த மணிதான்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் பேசவில்லை. நான் மட்டும் பழைய இடத்தில் நிறுத்த ஆரம்பித்தேன். என் வண்டிக்கு அது அவ்வளவு தேவைகூட இல்லை, இரண்டாவது கியரில் இறங்குவதால். ஆனால் நான் நிற்பதைப் பார்த்து இன்னொருவன் நிற்கமாட்டானா என்று ஒரு ஆசை. அட்டையில் எழுதி ஒரு போர்டும் வைத்தேன், பிரேக் ஆற இங்கே நிறுத்திச் செல்லவும் என்று. யாரும் நிற்கவில்லை. பிசிக்ஸுக்கு வயிறு சரியில்லை போல, பாதிவழியில் அடிக்கடி நிற்கிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

அங்கே ஒரு சிக்கல். சரிவான இடம். கைப்பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்தக்கூடாது, டயருக்குக் கீழே ஒரு கல் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் தேடி எடுத்துப் போட்டுவிட்டு, திரும்ப ஓரத்தில் தள்ளவேண்டும். பலபேர் அப்படியே சாலையில் விட்டுப் போவார்கள், அது பின்னால் வருகிறவனுக்கு எமன். அதனால் நல்ல முட்டுக்கல் ஒன்றை நிரந்தரமாக வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஓடையில் தேடினேன். ஒரு பக்கம் தட்டையாக, ஒரு பக்கம் ஆப்பு மாதிரி சரிந்து, அருமையான கல். இதே வண்டியில் ஏற்றி வந்து ஓரமாக வைத்தேன். மூடுபனியில் தெரியவேண்டுமே, அதனால் மஞ்சள் பெயின்ட் அடித்தேன். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு அடித்தது மிச்சம் இருந்தது. நடுவில் சிவப்பு ஸ்டிக்கர், இரவில் விளக்கு பட்டால் மின்னுமே, அதை ஒட்டினேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு இப்போது புரிகிறது ஐயா. மஞ்சள், நடுவில் சிவப்பு. ஆனால் சத்தியமாக அன்றைக்குத் தோன்றவில்லை. எனக்குப் பாதுகாப்பு நிறம் என்றுதான் தோன்றியது. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும்.

அடுத்த வாரம் கல்லின்மேல் கனகாம்பரச் சரம். யார் என்று விசாரித்தேன். அப்பா. அவர்தான் முதலில் பார்த்து நிறுத்தியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பயபக்தியோடு சொல்லிக்கொண்டிருந்தார், அண்ணன் இடத்துக்குத் தம்பி வந்து உட்கார்ந்திருக்கிறான், சின்னக் கருப்பு என்று. நான் உடனே சொன்னேன். “அப்பா, அது டயருக்குக் குடுக்க நான் வெச்ச முட்டுக்கல்லு.” அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் படிக்கப் பணம் கட்டிய அன்றைக்குப் பார்த்தாரே, அதே பார்வை. “உன் கையால வரணும்னு இருந்திருக்கு. படிச்ச கையில்ல” என்றார். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

என்ன செய்வேன் ஐயா? கமிட்டியிலும் போய்ச் சொன்னேன். பெயின்ட் டப்பாவைக் காட்டினேன். சிவனாண்டி மாமா, அந்த டப்பாவை வாங்கவைத்ததே யார் என்று கேட்டார். நான் பேசப் பேச என் மேல் மரியாதை கூடியது. பெருமை பேசாத பையன் என்றார்கள்.

ஆனால் வண்டிகள் நின்றன. எல்லா வண்டியும் நின்றது. பழைய கட்டுப்பாடு அப்படியே திரும்பிவிட்டது, கற்பூரம் அடங்கும்வரை யாரும் எடுப்பதில்லை. அப்பா நாலாவது கியரில்தான் வருகிறார், ஆனால் நிற்கிறார். என் பேச்சுக்கு அவர் ஒரு நாளும் வண்டியை நிறுத்தியதில்லை. என் கல்லுக்கு நிறுத்துகிறார். அதற்குப் பிறகு கருகல் வாடை என்று யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன். கேட்டால் உண்மையைச் சொல்வேன். யாரும் கேட்கவில்லை. பொய் சொல்லவில்லை, சும்மா இருந்தேன், அவ்வளவுதான். நான் வைத்த போர்டைக்கூடச் சாமிக்கு நிழலாக மேலே படுக்கவைத்துவிட்டார்கள், எழுத்து கீழ்ப்பக்கம். பிரேக் ஆற நிறுத்தச் சொல்லி எழுதியதை இப்போது படிக்கிறது சின்னக் கருப்பு மட்டும்தான்.

இப்போது மறுபடி கமிட்டி கூடியிருக்கிறது. அண்ணன் மேலே மண்டபத்தில், தம்பி கீழே வெயிலில், பிரித்து வைத்தால் ஊருக்கு ஆகாதாம். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், அதுதான் கஷ்டம். நன்கொடைக்கு முதல் ஆளாக எழுந்தவர் என் அப்பா. மேலே கொண்டுபோன மறுநாளே பழையபடி ஆகிவிடும் ஐயா. நான் இன்னொரு கல் வைக்கலாம். வைப்பேன். அதையும் கும்பிடுவார்கள், அதையும் தூக்கிப் போவார்கள். மேலே சாமி சேர்ந்துகொண்டே போகும், கீழே ஒருத்தரும் நிற்கமாட்டார்கள். அதற்குள் எத்தனை மழைக்காலம் போகுமோ, அப்பா எத்தனை தடவை இறங்குவாரோ.

அதனால்தான் நீங்கள் கேட்டபோது மழுப்பினேன். தானாக வந்தது என்று நான் சொன்னால் போதும், கல் அங்கேயே இருக்கும், நீங்கள் சொன்னால் கமிட்டி மீறாது. நேற்று நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்ததும் நீங்கள் இதைக் கேட்பீர்கள் என்று ஊகித்து, குளிக்கும்போது சொல்லிக்கூடப் பார்த்தேன், தானா வந்ததுங்க, தானா வந்ததுங்க என்று. எனக்குப் பொய் வராது. ஒரு கம்பெனி நேர்முகத்தில் மூன்று வருஷம் எங்களோடு இருப்பாயா என்று கேட்டார்கள், தெரியவில்லை சார் என்றேன். அந்த வேலை போயிற்று. அது என் வேலை, போனால் போகட்டும். இது அப்படி இல்லையே.

இதோ, வந்துவிட்டது. அந்த மஞ்சள் தெரிகிறதா? இத்தனை தூரத்திலிருந்தே தெரியும். நிறுத்துகிறேன். கதவைத் திறக்காதீர்கள், முதலில் நான் இறங்கிக் கல் போடுகிறேன். இல்லை, அந்தக் கல் இல்லை, அதை எப்படி எடுக்கமுடியும். டயருக்கு இப்போது வேறு ஒன்று வைத்திருக்கிறேன், சீட்டுக்குக் கீழே, மரக்கட்டை.

இறங்குங்கள், மெதுவாக. நான் செருப்பை இங்கேயே விட்டுவிடுவேன். வேறு எதற்கும் இல்லை, இந்த இடத்தில் சேறு அதிகம், செருப்பில் ஒட்டினால் பெடலில் வழுக்கும். கற்பூரம் ஒன்று ஏற்றுகிறேன். நேரம் பார்க்க அது வசதி, அடங்குகிறவரைக்கும் என்று ஒரு கணக்கு. கொஞ்சம் திருநீறு ஸ்டீயரிங்கில் தடவிக்கொள்வேன், எனக்குக் கை வேர்க்கும், அதற்குத்தான்.

நான் சொன்னதை உங்களுக்கு நேரில் காட்டிவிடுகிறேன். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். பின் சக்கரத்துக்கு வாருங்கள். இந்தத் துளைவழியாக டிரம்மின்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நிறைய ஊற்றாதீர்கள், வெடித்துவிடும். இரண்டு சொட்டு. சுரீர் என்று ஆவியாகப் போகவேண்டும்.

போகவில்லையா?

இன்னும் ஒரு சொட்டு விடுங்கள். வழிந்து போகிறது. கையை வைத்துப் பார்க்கிறேன். சூடு இல்லை. வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அது வந்து, நான் ஓட்டியதால் ஐயா. இரண்டாவது கியர். மிதித்து மிதித்து விட்டேன் அல்லவா. ஏற்றியிருப்பதும் நாம் இரண்டு பேர்தான். ஒழுங்காக இறக்கினால் சூடு ஏறாது. இதை எப்படிக் காட்டுவது? நாளைக்கு விடியலில் அப்பா வரும்போது இருந்தீர்களானால் காட்டலாம், அவர் வண்டியின் டிரம்மில் அப்பளம் சுடலாம். இதே வண்டிதான் ஐயா, இதே டிரம்தான்.

நம்புகிறீர்கள்தானே? தலையை ஆட்டுகிறீர்கள். நீங்கள் நல்லவர், வழியெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தீர்கள். இப்படி யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை. இனி உங்களுக்கே தெரியும், இந்தக் கல் இங்கிருந்து ஏன் நகரக்கூடாது என்று.

பையில் என்ன தேடுகிறீர்கள்? போனா? இங்கே சிக்னல் கிடைக்காது, அடிவாரம் போகவேண்டும்.

அளக்கிற டேப்பா?

அதை எதற்கு எடுக்கிறீர்கள் ஐயா? நான் இன்னும் உங்கள் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லையே. தானாக வந்ததா, வைத்ததா என்று நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே.

என்ன? சொல்லிவிட்டேனா?

ஓடையா? ஆமாம், ஓடை என்று சொன்னேன். வண்டியில் ஏற்றி வந்ததைச் சொன்னேன். அது பதிலுக்காகச் சொன்னது இல்லை, கதைக்காகச் சொன்னது. கல் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியவேண்டுமே என்று சொன்னேன். அதை நீங்கள் கேட்காத மாதிரி வைத்துக்கொள்ள முடியாதா? முடியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் எனக்கும் முடியாது. மனுஷன் வைத்தது என்று தெரிந்த பிறகு தெரியாது என்று எப்படிச் சொல்வீர்கள். சரிதான். நீங்கள் சொல்வது சரிதான்.

இரண்டு ஆள் தூக்கிவிடலாம், எடை அதிகம் இல்லை. நான் ஒரே ஆளாகத்தான் இறக்கினேன்.

கற்பூரம் இன்னும் அடங்கவில்லை ஐயா. அது அடங்கட்டும், அப்புறம் அளக்கலாம். அப்புறம், கிட்டே போகிறதாக இருந்தால் செருப்பை மட்டும் கழற்றிவிடுங்கள்.